அந்த ரெண்டு நாள் போன் ஏன் கிடைக்கலன்னா

எய்யா,

நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமா? வெள்ளம் வடிஞ்சு கரண்டு வந்து போனைப் போட்டதும் உன் குரலைக் கேட்டேன். நீ அழுதது எனக்குத் தெரிஞ்சுது. அப்போ எனக்குப் பேச்சு வரல. அதான் எழுதுதேன்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி மார்கழி முதல் நாள். கோலம் போட விடியமுன்ன எழுந்தா வாசல்ல பொடி நிக்கல, அப்படி மழை. நம்ம திருநெல்வேலி மீனாட்சிபுரத்துக்குத் தாமிரபரணி ஆறு பக்கம்னாலும் நம்ம முடுக்குச் சந்து மேடு, இங்க வராதுன்னு அப்பா தைரியமா இருந்தாக. நாங்களும் தெருவையே பாத்துக்கிட்டு இருந்தோம். தண்ணி அந்த வழியா வரலய்யா. அடுக்களையில பாத்திரம் கழுவுத தண்ணி போற அங்கணக்குழியில குபுகுபுன்னு சத்தம். போய்ப் பாத்தா கறுப்பா மேல ஏறி வருது. ஆத்துல மட்டம் ஏறிட்டா வாறுகால் சாக்கடைத் தண்ணி போக இடமில்லாம வீட்டைப் பாத்துத் திரும்புமாம். பழைய சேலையைச் சுருட்டி அடைச்சு, மேல அம்மிக்கல்லைத் தூக்கி வச்சோம். அரைமணி நேரம் தாங்குச்சு.

அந்த அரைமணி நேரந்தான் எங்களைக் காப்பாத்துச்சு. முதல்ல மெயினை அணைச்சேன், தண்ணி அப்போ கணுக்காலுக்குக் கூட வரல. சிலிண்டரை மூடிக் கழத்தி மாடிப்படியில ஏத்தினோம், இல்லன்னா மிதந்து போய் எங்கயாவது முட்டும். பத்திரம், ரேஷன் கார்டு, அப்பா சுகர் மாத்திரை எல்லாம் ஒரே பையில. நாலு குடம் நல்ல தண்ணி. இருட்டுறதுக்குள்ள மாடி வீட்டுக்குப் போயிட்டோம். அப்புறம் கீழ முன்கூடத்துத் தார்சாவுல இடுப்பளவு தண்ணி நின்னுச்சு.

டவர் போயிட்டு, அதான் போன் கிடைக்கல. ராத்திரி பூரா ஆத்துச் சத்தம். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பாத்த அப்பாவே வாய் பேசல. மறுநாள் மாடியில பதினோரு பேருக்கு உளுந்தம்பருப்புச் சோறு பொங்கினேன், தொட்டுக்க எள்ளுத் துவையல். முடுக்குப் பயலுக டயர் டியூபுல மிதந்து வந்து பச்சப் பிள்ளைக இருக்க வீட்டுக்கெல்லாம் பால் குடுத்தானுக. அவனுக தலையில கை வச்சு வாழ்த்தணும் போல இருந்துச்சு.

குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிட்டு. கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீசுக்குள்ளயே தண்ணி. அணையைத் திறந்து விட்டதுதான்னு எல்லாரும் சொல்லுதாக. அது மட்டும் இல்ல, கீழ ஊர் ஊருக்குப் பெய்ஞ்சது அப்படி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், அங்க ஒரு வருசத்துக்குப் பெய்யுறதை விட அதிகம். ஸ்ரீவைகுண்டத்துல வெள்ளம் சூழ்ந்து ரயில்லயே மாட்டுன சனங்களை நினைச்சா நாங்க பட்டது பாடே இல்ல.

தண்ணி வடிஞ்சும் அப்பாவை செருப்பு போடாம சேத்துல இறங்க விடல, எலிக்காய்ச்சல் வந்துரும். பிரிட்ஜைப் போடல, ஆள் வந்து பாத்துச் சொல்லட்டும். குடிக்கக் கொதிக்க வச்ச தண்ணிதான்.

புனேக்கு வந்துருங்கன்னு சொல்லுதே. கோவம் இல்லய்யா, உன் பயம் எனக்குத் தெரியும். ஆனா அப்பா நேத்தே சுவத்தைக் கழுவி விட்டுட்டு, தைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்னு நிக்காக. இந்த ஆத்துத் தண்ணியிலதான் உன்னை வளத்தேன். கோடையில ஒரு மாசம் வாரோம், பேரனைப் பாக்க. கூட்டிப் போய் அங்கயே இருத்திரலாம்னு மட்டும் நினைக்காத. அடுத்த மழைக்கு அங்கணக்குழிக்கு மூடி போட்டுக் குடு, அது போதும்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பீரோ கீழ்த்தட்டுல இருந்த ஆல்பத்தை மறந்துட்டேன்யா. உன் மொட்டை போட்ட படம், திருச்செந்தூர்ல எடுத்தது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி முகம் போயிட்டு. போன வருசம் வந்தப்போ அதையெல்லாம் உன் போன்ல படம் பிடிச்சியே, இருக்கா பாரு. இருந்தா கடையில குடுத்துப் பெரிசாப் போட்டு அனுப்பு.

அம்மா