மொட்டை மாடியின் பூட்டைத் திறக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை பெரம்பூரில், பதினாறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில், சுமார் 600 சதுர அடி வீட்டில், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளுடன் பதினொரு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். ஐந்து பேரின் துணியைத் துவைப்பது இன்று பெரிய வேலையில்லை. வாஷிங் மெஷின் அதைச் செய்துவிடுகிறது. துவைத்ததை எங்கே காயப்போடுவது என்பதுதான் எங்களைப் போன்ற குடும்பங்களின் அன்றாடத் தொல்லை. இதை வீட்டுப் பெண்களின் புலம்பல் என்று ஒதுக்காமல், கட்டட வரைபடத்திலேயே தீர்க்கப்பட வேண்டிய பொதுப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் பால்கனி நாலடிக்கு ஏழடி. அதில் மெஷினும் காலி சிலிண்டரும் போக மிஞ்சிய இடத்தில் நான்கு வரிசைக் கொடி கட்டியிருக்கிறோம். வடக்குப் பார்த்த பக்கம் என்பதாலும், பத்தடி தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர் நிற்பதாலும், ஆண்டின் பெரும்பகுதி வெயிலே படுவதில்லை. கைப்பிடிச் சுவருக்கு வெளியே துணி தெரிந்தால் கட்டடத்தின் தோற்றம் கெடுகிறது என்று குடியிருப்போர் சங்கம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் மூடியை யாரோ திறந்து போட்டுவிட்டார்கள் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் மொட்டை மாடிக்கும் பூட்டுப் போடப்பட்டது. நாள் முழுவதும் வெயில் காயும் அவ்வளவு பெரிய தளம் தலைக்கு மேல் வெறுமனே கிடக்க, கீழே பதினாறு குடும்பங்களும் படுக்கையறையில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறோம்.

வெயில் காலத்தில் எப்படியோ சமாளித்துவிடலாம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. கஷ்டமெல்லாம் அந்த மூன்று மாதங்களில்தான். சென்ற நவம்பரில் ஒரு நாள், பருத்திப் போர்வை ஒன்றைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தபோது 650 கிராம். மெஷின் பிழிந்து கொடுத்த பிறகு 1 கிலோ 30 கிராம். அதாவது ஒரே ஒரு போர்வை காய்வதற்குள் 380 கிராம் தண்ணீர், கிட்டத்தட்ட இரண்டு தம்ளர், அறைக் காற்றில் கலந்தாக வேண்டும். அன்று அந்தப் பத்தடி அறையில் அதனுடன் இரண்டு செட் பள்ளிச் சீருடை, மூன்று துண்டு, என் புடவைகள் இரண்டு, மகனின் ஜீன்ஸ் எல்லாம் தொங்கின. சாரல் அடிக்கிறது என்று சன்னலை மூடிவிட்டு மின்விசிறியை ஓடவிட்டோம். ஈரம் வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றியது. மறுநாள் துணியில் கப்பு வாடை. தைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தியபோது, பின்சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் குழந்தைகள் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

எங்களால் முடிந்ததைச் செய்துதான் பார்க்கிறோம். ஜீன்ஸ், போர்வை போன்ற கனத்த துணிகளை வெயில் தெளிந்த நாளுக்கு ஒதுக்கி வைக்கிறோம். இரண்டாம் முறை பிழியவிடுகிறோம். சட்டைகளை ஹேங்கரில் மாட்டி, ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி விடுகிறோம். மழை சற்று ஓய்ந்ததும் சன்னலைத் திறந்து, மேசை விசிறியை வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்கிறோம். டிரையர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு முறை உலர்த்துவதற்கு 2 யூனிட் என்று வைத்துக்கொண்டால்கூட, தினமும் ஓட்டும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் ஆகிவிடும். அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் துணி உலர்த்துவதற்கே போதாது. அதை வைப்பதற்கு இடம் எங்கே என்ற கேள்வி வேறு இருக்கிறது.

இதனுடன் சேர்ந்த இன்னொரு கேட்டையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் மெஷினுக்கு இடம் ஒதுக்காததால் அதைப் பால்கனியில் வைக்கிறோம். அதன் கழிவுநீர்க் குழாயைப் பால்கனித் தரையில் உள்ள மழைநீர் வடிகாலில் விட்டுவிடுகிறோம். 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், பல கட்டடங்களில் அந்தக் குழாய் நேரே உறைகிணற்றுக்குத்தான் போகிறது. எங்கள் கிணற்றில் சோப்பு நுரை மிதந்ததைக் கண்ட பிறகே பிளம்பரை அழைத்துக் குழாயைக் கழிவுநீர் இணைப்புக்கு மாற்றினோம். வாசகர்கள் தங்கள் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் துணிகளை வெளுத்து உலர்த்தியவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை என்று பெயர் பெற்ற பகுதி பெரம்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்று அந்தத் தொழிலுக்குத் திறந்த வெளி வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில், மூங்கில் கழியில் துணியைக் கோத்து வெளியே நீட்டுவதற்குச் சுவரிலேயே செருகுகுழல் வைத்துக் கட்டினார்கள். இங்கோ, கார் நிறுத்தத்துக்கு இத்தனை வீட்டுக்கு இவ்வளவு இடம் என்று கணக்கிட்டு அனுமதி வாங்குகிறோம். துணி உலர்த்தும் இடத்தைப் பற்றி விற்பனை வரைபடத்தில் ஒரு கோடுகூட இருப்பதில்லை.

மொட்டை மாடியைப் பூட்டி வைக்கும் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பொதுப் பகுதிகள் எவை என்று சொல்லுமிடத்தில் மொட்டை மாடியையும் சேர்த்திருக்கிறது. தொட்டிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயமான கவலைதான். அதற்குத் தொட்டியின் மூடியைப் பூட்டலாமே? ஆணி அடித்தால் தளம் ஒழுகும் என்கிறார்கள். அதுவும் உண்மை. தளத்தைத் துளைக்காமல், சிமெண்ட் தொட்டிகளில் இரும்புக் கம்பங்களை நட்டுக் கொடி கட்டலாம். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை கதவைத் திறந்துவைத்து, வீட்டுக்கு ஒரு கொடி என்று முறை வகுத்துக்கொண்டால் சண்டைக்கும் இடமிராது. சூரிய மின்தகடு பொருத்த நினைப்பவர்கள் அதை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி அமைத்தால், தூறல் நாளிலும் அதன் அடியில் துணி காயும்.

புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகளுக்கு, மெஷின் கழிவுநீருக்குத் தனிக் குழாயும், வெயிலும் காற்றும் படும் உலர்த்தும் இடமும் வரைபடத்தில் காட்டப்பட்டால்தான் திட்ட அனுமதி என்று தமிழக அரசு கட்டட விதிகளில் சேர்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சங்கத்தின் பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. வரும் ஐப்பசிக்குள் மாடிக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று ஒன்பது வீட்டார் கையெழுத்திட்ட மனுவை அதில் கொடுக்கவிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
பெரம்பூர், சென்னை - 11