ரொனால்டோ வரும் வரைக்கும்

ஆஸ்பத்திரியில் அப்பா நேற்று சாதாரண வார்டுக்கு மாறிவிட்டார். கஞ்சியில் உப்பு போதவில்லை என்று தாதியிடம் குறைப்படுகிறார். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்தவர்கள், பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு ஃபெரியில் சோறு கட்டிக்கொண்டு வந்த அத்தைமார்கள், பிள்ளைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டார், கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், அத்தனை பேருக்கும் நன்றி. வீடு வீடாக வந்து சொல்வேன்.

ஒருவருக்கு மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

2025 ஜூன் 8, ஞாயிறு இரவு. ஆஸ்பத்திரிக்குள்ளே தங்க விடமாட்டார்கள், ஏதாவது என்றால் ஃபோன் செய்வதாகச் சொன்னார்கள். ஜெலுத்தோங் வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் எதிரே இருந்த மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்தேன். டிவியில் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் இறுதியாட்டம், சின்னரும் அல்கராஸும். என் ஃபோன் அணையும் நிலையில் இருந்தது. கல்லாவில் இருந்த கடையநல்லூர் அண்ணனிடம் சார்ஜர் கேட்டேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கித் தன் பக்கத்திலேயே சொருகி வைத்துக்கொண்டார். அப்புறம் அது மினுங்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்து, அங்கிருந்தே கையை ஆட்டுவார்: “ஆஸ்பத்திரி இல்ல தம்பி!”

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. எங்கள் உறவுக்காரர்கள் கொஞ்சமா மெசேஜ் போடுவார்கள்?

முதல் இரண்டு செட்டும் சின்னருக்கு. மூன்றாவதை அல்கராஸ் எடுத்தார். நான்காவதில் அவர் 3-5 என்று பின்னால், தன் சர்வீஸிலேயே 0-40. சின்னர் ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட் போதும், கையில் மூன்று வாய்ப்பு. ஆட்டத்துக்கும் அப்பாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் மனசு அதையெல்லாம் எங்கே கேட்கிறது? பார்க்க முடியாமல் எழுந்தேன். “உக்காருங்க தம்பி, இன்னும் முடியலையே” என்றார் அண்ணன். மூன்றும் தப்பியது. செட்டும் அல்கராஸுக்கே.

இதற்குள் போர்ச்சுகல் ஜெர்சி போட்ட பையன்கள் கடையை நிறைத்துவிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்பெயினோடு நேஷன்ஸ் லீக் கால்பந்து இறுதியாட்டம். சேனலை மாற்றச் சொன்னார்கள். ஒரு ஆளுக்காக ஒரு கூட்டத்தையே பகைத்துக்கொள்ள எந்தக் கடைக்காரருக்கு மனசு வரும்? “மூணு மணிக்கு உங்க ரொனால்டோ. அது வரைக்கும் இவரு ஆட்டம்” என்றார் அவர். ஐந்தாவது செட்டின் டை பிரேக்கர் 10-2 என்று அல்கராஸுக்கு முடிந்தபோது அந்தப் பையன்கள்தான் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார்கள். 5 மணி 29 நிமிடம். பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலண்ட் கேரோஸில் அதுவரை இதைவிட நீண்ட இறுதியாட்டம் நடந்ததில்லை.

குடித்த தே ஹாலியாவுக்கெல்லாம் (இஞ்சி டீ) அண்ணன் கணக்குப் போட்டுச் சரியாகக் காசு வாங்கிக்கொண்டார். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வாரமாக எல்லோரும் என்னைப் பாவமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா சின்னர் கட்சி. முடிவை மட்டும் சொல்லியிருக்கிறேன். மூன்று மேட்ச் பாயிண்ட் போன கதையை, பிரஷர் இறங்கும் வரை சொல்வதாக இல்லை.

விம்பிள்டன் இறுதியாட்டம் ஜூலை 13, நம் நேரம் இரவு 11 மணிக்கு. டாக்டர் விட்டால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அண்ணே, அந்த மூலை மேசையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எனக்குத் தே ஹாலியா, அப்பாவுக்குப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்.