கேட்டின் கீலும் நானும்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
சேலம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. வலது மணிக்கட்டில் தீப்பொறி பட்டு நாலு இடத்தில் கொப்புளம். சிரிக்காதே, வெல்டிங் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பின்வாசல் கேட்டின் கீல் உடைந்தது. பட்டறைக்காரர் இன்று, நாளை என்று பத்து நாள் இழுத்தார். அந்தக் கோபத்தில் செவ்வாய்ப்பேட்டை போய் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் ஒன்று வாங்கி வந்துவிட்டேன். கஞ்சமலையில் இரும்புக்கல், இரும்பாலையில் 1980களிலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தும் ரிட்டயர் ஆகும்வரை ஒரு வெல்டிங் ராடை, அதுதான் உருகி ஒட்டுகிற அந்தக் குச்சியை, தொட்டதில்லை பார்.

முதல் நாள் பற்றவே இல்லை. தொட்டால் ராடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தகடும் கூடவே வரும். எதிர்வீட்டுப் பையன், பட்டறையில் வேலை செய்கிறவன், வந்து பார்த்தான். "குத்தாதீங்க சார், தீக்குச்சி கிழிக்கிற மாதிரி இழுங்க" என்றான். எர்த் கிளாம்பை, அதாவது இரும்பைக் கவ்வி மிஷினோடு இணைக்கிற கவ்வியை, பெயிண்ட் மேலேயே மாட்டியிருந்ததையும் அவன்தான் கண்டுபிடித்தான். சுரண்டிவிட்டு மாட்டியதும் இரண்டாவது இழுப்பில் பற்றியது.

"கேட்டை இப்போதைக்குத் தொடாதீங்க" என்பது அவன் உத்தரவு. பழைய இரும்புக் கடையில் 6 மி.மீ. பட்டைத் துண்டுகளை எடைக்கு வாங்கி, ஒரு வாரம் வெறுமனே கோடு கோடாக ரன் விட்டேன். 3.15 மி.மீ. ராடு, 110 ஆம்பியர். பெட்டியில் 6013 என்று போட்டிருக்கும். 60 என்றால், வைத்த உலோகம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவை தாங்கும் என்று கணக்கு. அடுத்த 1, தலைக்கு மேலே உள்பட எந்த நிலையிலும் வைக்கலாம் என்பதற்கு. தலைக்கு மேலே வைக்கிற தைரியம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

இதில் கையைவிடக் கண்ணுக்குத்தான் பாடம் அதிகம். முகத்துக்குப் பிடிக்கிற ஷீல்டின் கறுப்புக் கண்ணாடி வழியே முதலில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கோடு எங்கோ போய்விடும். ஒரு பாக்கெட் ராடு தீர்ந்த பிறகுதான், வெளிச்சத்துக்குப் பின்னால் உருகி நிற்கிற குட்டிக் குளம் என் கண்ணில் பட்டது. பார்க்க வேண்டியது அதைத்தான். அதன் கரை இரண்டு தகட்டையும் நனைத்தால்தான் ஒட்டு. காதும் உதவுகிறது. நுனிக்கும் தகட்டுக்கும் ராடின் தடிமன் அளவே இடைவெளி இருந்தால் எண்ணெயில் வடை வேகிற சத்தம் வரும், தூக்கினால் சடசடவென்று பொறி பறக்கும். ஒரு நாள் சுத்தியல் படுவதற்கு முன்பே ஸ்லாக், ஒட்டின் மேல் படிகிற கசடு, தானாகப் பெயர்ந்து வந்தது. அடியில் மீன் செதிள் மாதிரி அடுக்கடுக்காக ஒரே சீர்! வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுல என்னங்க இருக்கு?" என்றாள்.

ஒரு நாள் டேக், அதாவது பிடித்து நிற்க வைக்கிற சின்னப் பொட்டு, மட்டும்தானே என்று ஷீல்டு இல்லாமல் கண்ணை மூடி வைத்துப் பார்த்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல் எரிச்சல். பையன் உருளைக்கிழங்கு வில்லை வைக்கச் சொன்னான். நான் கண் டாக்டரிடம் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்தது பூந்தொட்டி ஸ்டாண்டு. ஒரு அங்குலச் சதுரக் குழாய் மெல்லிசு. 110-ல் வைத்ததும் ஓட்டை. 2.5 மி.மீ. ராடுக்கு மாறி, 65 ஆம்பியருக்கு இறக்கி, விட்டு விட்டு வைத்தேன். நாலு மூலையும் டேக் வைத்து மூலைமட்டம் பார்க்காமல் ஒரு பக்கத்தை முழுசாக வைத்ததில், சூட்டில் சட்டம் இழுத்துக்கொண்டு ஒரு கால் தூக்கிவிட்டது. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறோம். செம்பருத்திக்கு ஒன்றும் குறையில்லை.

ஏற்காட்டில் மச்சான் தோட்டத்துக் காபி ஷெட்டில் ஒரு மூலைச்சட்டம் வைக்கப் போய் மானம் போனது. பிரித்த பாக்கெட்டை ராத்திரி அங்கேயே விட்டுவிட்டேன். பனியில் ராடின் பூச்சு ஈரம் குடித்து, காலையில் வைத்த ஒட்டெல்லாம் பணியாரம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. முழுக்கக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, கீழிருந்து புது பாக்கெட் வரவழைத்து வைத்தோம்.

உங்கள் மொட்டைமாடியில் கிடக்கும் இரும்புக் கட்டிலைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதே. அதன் ஆங்கிள் நல்ல கனம். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன். தங்கச்சியிடமும் சொல்லி வை.

கேட்டா? இன்னும் கயிற்றில்தான் கட்டியிருக்கிறது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்