கார்னரின் குரங்குகள் பொழுதுபோக்குக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் பூமலை, அதாவது நம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா, பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாகப் படித்தேன். இரண்டாம் முறை படித்தது, ஒரு வரி நிஜமாகவே அப்படித்தான் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. தாவரவியலாளர் இ. ஜே. எச். கார்னருக்குக் குரங்கு வளர்ப்பது பொழுதுபோக்காம்.

ஐயா, அது பொழுதுபோக்கு இல்லை. அவர் செய்த வேலையே அதுதான். 1929இல் பூமலைக்குத் துணை இயக்குநராக வந்தவர் கார்னர். நம் காட்டு மரங்கள் 30, 40 மீட்டர் உயரம் வளர்பவை. ஒரு மரத்துக்குச் சரியான பெயர் சொல்லப் பூவும் காயும் வேண்டும், அவையோ உச்சியில் இருக்கும். உங்களுக்குத் தெரியாததல்ல. புக்கிட் தீமா காட்டில் ஒரு செராயா மரத்தடியில் பைனாகுலரும் கையுமாக ஒரு சனிக்கிழமை காலை முழுக்க நின்றிருக்கிறேன். கழுத்து வலிதான் மிச்சம். மரம் பூத்திருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்குகளைக் கார்னர் கொண்டுவந்து, மலாய்ச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிளையை ஒடித்துக் கீழே போடப் பழக்கினார். மனிதன் ஏற முடியாத மரங்களின் பூவும் காயும் அப்படித்தான் அவர் கைக்கு வந்தன. 1940இல் வந்த அவருடைய வழியோர மரங்கள் நூலின் இரண்டு தொகுதிகளையும் வைத்துக்கொண்டுதான் நான் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு மரம் காட்டினேன்.

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். சில வருடங்களுக்கு முன் ரிட்லியைப் பற்றி எழுதினீர்கள். அவருக்குப் ‘பைத்தியம்’ என்று பட்டப்பெயர் இருந்ததையும், 83 வயதில் திருமணம் செய்துகொண்டதையும் சொல்ல இடம் இருந்தது. 1888 முதல் 1912 வரை பூமலையை நடத்தியவர், மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை அங்குள்ள ரப்பர் மரங்களில் சோதித்துக் கண்டதைச் சொல்ல ஒரு வரிகூட இல்லை. என் அப்பா ஜொகூரில் பால்மரம் சீவியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். உளி பட்டையோடு நிற்க வேண்டும், உள்ளே கட்டையில் பட்டால் அந்த இடம் முண்டு முண்டாக வீங்கிவிடும் என்று விரலால் மேசையில் கீறிக் காட்டுவார். தமிழ்ப் பத்திரிகை ரிட்லியைப் பற்றி எழுதும்போது இதை விட்டால் வேறு எதைச் சொல்வது? உங்கள் வாசகர்களில் பாதிப் பேரின் தாத்தா பாட்டி அந்தத் தோட்டங்களில் இருந்தவர்கள்தானே.

அப்புறம் ஆர்க்கிட். எந்தத் தலைவர் பெயரை எந்தப் பூவுக்கு வைத்தார்கள் என்று படத்தோடு போடுகிறீர்கள், சரி. தூசி மாதிரி இருக்கும் அந்த விதைக்குள் முளைக்கத் தேவையான உணவு கிடையாது. 1928இலேயே அப்போதைய பூமலை இயக்குநர் ஹோல்ட்டம் அதைக் கண்ணாடிக் குடுவையில் ஊட்டம் கொடுத்து முளைக்க வைக்கத் தொடங்கினார். அந்த வேலை இல்லாமல் இன்றைய கலப்பினப் பூக்கள் ஏது?

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வாடிப்போன இலையைப் பார்த்தே இது இன்ன குடும்பம் என்று சொல்லிவிடுவாள். தாவரவியல் படிக்க ஆசைப்பட்டாள். அவள் அம்மா பள்ளிக்கே வந்து, “டீச்சர், செடி பார்க்கிறதை லீவு நாளில் பார்த்துக்கலாம், படிப்புக்கு வேற சொல்லுங்க” என்றார். கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்து, பிறகு இங்கிலாந்து வரை போய் வேலை செய்த ஜானகி அம்மாளைப் பற்றியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அந்தப் பிள்ளை இப்போது கணக்காளர். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் போன ஞாயிறு உங்கள் வரியைப் படித்தபோது, அந்த அம்மா சொன்னதைப் பத்திரிகையே அச்சடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

பூமலையின் உலர்தாவரக் காப்பகத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பறித்து, அழுத்திக் காயவைத்து, இடமும் தேதியும் எழுதி வைத்திருக்கிறார். பொழுது போகாமல் செய்த வேலையா அது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லை நீக்கி ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அப்படியே, கட்டுரையில் வந்த படத்தின் கீழே தூங்குமூஞ்சி மரம் என்று போட்டிருக்கிறீர்கள். அது தெம்புசு. நம் 5 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அதே மரம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
ஈசூன்