கம்பளி அண்ணன் ஏறிய மேட்டுக்குப் படி கட்டுகிறோம்: நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருப்பவர்களுக்கும், பிழைப்புக்காகத் திருப்பூர், கோவை, சென்னை என்று மலை இறங்கிப் போன எங்கள் பிள்ளைகளுக்கும் படிக்கட்டுக் கமிட்டியின் வணக்கம்.

கம்பளி அண்ணன் காலமாகி ஐப்பசியோடு ஒரு வருடம் முடிந்தது. ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொன்னால் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரியாது. தோளில் மடித்துப் போட்ட சாம்பல் நிறக் கம்பளியும் வாசலில் சாத்தி வைத்த மூங்கில் கழியும்தான் அடையாளம். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லைனில் யாருக்காவது முடியவில்லை என்றால் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். மேலே ரோட்டுக்குத் தூக்கிப் போகக் கம்பளியைக் கழியில் முடிந்து தொட்டில் கட்டுவார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், மாற்றிக்கொள்ள இரண்டு பேர். மேடு ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் பிடிக்கிறவர் மேல்தான் இறங்கும். தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பின்பக்கத்தை அவர் கடைசி வரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் இருந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதினார்கள். அந்த எண்ணிக்கையில் அண்ணனும் ஒரு தலை. பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 1973-இல், 12 வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கோத்தகிரிக்கு வந்தார். வந்த இரண்டாம் வருடம் அவருடைய அம்மாவுக்கு ராத்திரியில் இடுப்பு வலி. நாலு பேர் தூக்க, அரிக்கேன் விளக்கோடு முன்னால் ஓடியவர் இவர். பாதி மேட்டில், திருப்பத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. அந்தத் தங்கைக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்றைக்கும் அந்த இடத்துக்குப் பிள்ளைத் திருப்பம் என்றுதான் பெயர். அன்று பிடித்த வேலை என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வார். கொழுந்து எடை போடுகிற வேலை அவருக்குச் சம்பளத்துக்கு. இது அவருடைய வேலை.

யாரை, எந்த வீட்டை என்று அவர் பார்த்ததில்லை. பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு பாட்டி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோதும் இதே கம்பளிதான் போனது. இந்தப் படிக்கட்டுப் பாதைக்குத் தன் தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக ஆறடி அகலத்துக்கு நிலம் விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பவர் அந்தப் பாட்டியின் மகன். நாங்கள் கேட்கப் போகுமுன் அவரே வந்து சொன்னார்.

2009 நவம்பர் மழையை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. நீலகிரி மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலைப் பாதைகள் அடைபட்டன. அன்று இரவு கீழ் லைனின் கடைசி மூன்று வீட்டாரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியவர் அண்ணன். வர மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பெரியவரைக் கோழிக்கூண்டோடு சேர்த்துத் தூக்கி வந்தார். மறுநாள் காலையில் அந்த வீடுகளின் பின்சுவர் இல்லை.

108 வண்டி 2008-இல் வந்தபோது, இனி கம்பளிக்கு ஓய்வு என்று நினைத்தோம். வண்டி ரோட்டோடு நின்றுவிடும். ரோட்டுக்கும் கீழ் லைனுக்கும் நடுவே இருக்கிற 150 மீட்டர் மேடு அப்படியேதான் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை நம் சரிவில்தான் கொட்டும். மழை நின்றால் சேறு, சேறு காய்ந்தால் காட்டெருமை, எந்த மாதமும் கரடி.

போன வருட ஐப்பசியில் அண்ணனுக்கே நெஞ்சு வலி வந்தது. எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினோம். அவருடைய கம்பளி, அவருடைய கழி. பின்பக்கம் பிடித்தவர்கள் இரண்டு முறை வழுக்கி முட்டி போட்டார்கள். மேலே வண்டி விளக்குப் போட்டுக்கொண்டு 20 நிமிடத்துக்கு மேல் நின்றது. பிள்ளைத் திருப்பத்தில், "மெதுவா, அவசரம் இல்லப்பா" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டோம். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நாங்களும் அப்படிச் சொல்லிப் பணம் கேட்கவில்லை.

வருஷத் திவசத்தன்று ஊர் கூடியபோது, பிரதான ரோட்டில் அவர் பெயரில் ஒரு வளைவு கட்டலாம் என்று பேச்சு வந்தது. சிலர் மார்பளவுச் சிலை என்றார்கள். அவருடைய மகள், கோவையில் நர்ஸாக இருக்கிறவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா பேரு எங்கயும் வேண்டாம் மாமா. பிடிச்சுக்க ஒரு கம்பி போடுங்க, போதும்" என்றார். அப்பாவின் பி.எஃப். பணத்திலிருந்து 50,000 ரூபாயை முதல் நன்கொடையாக வைத்தார். வளைவு ஊருக்கு அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு யாரும் மேடு ஏற முடியாது. கமிட்டி அன்றைக்கே அமைந்தது.

கீழ் லைனிலிருந்து ரோடு வரை 300 படிகள். ஒவ்வொன்றும் அரை அடி உயரம், ஒன்றரை அடி ஆழம், நாலரை அடி அகலம். இவ்வளவு ஆழம் எதற்கு என்று கேட்கிறார்கள். தூக்கிக்கொண்டு ஏறுகிறவன் முழுப் பாதமும் ஊன்ற வேண்டும், அதற்குத்தான். படி ஒன்றுக்கு 1,200 ரூபாய் வீதம் 3,60,000. ஒரு பக்கம் மட்டும் துருப்பிடிக்காத பூச்சுப் போட்ட இரும்புக் குழாயில் கைப்பிடி, 1,35,000. ஏழு சோலார் விளக்குகள் 63,000. மண் சரிகிற மூன்று இடங்களில் தடுப்புச் சுவரும், நெடுக ஓரமாக வாய்க்காலும் 1,20,000. இந்தக் கடைசிச் செலவைக் குறைக்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். குறைக்க மாட்டோம். முன்பு ஒருமுறை வாய்க்கால் இல்லாமல் போட்ட படிகள் ஒரே மழையில் அடிமண் அரித்துத் தொங்கியதைப் பார்த்திருக்கிறோம். சுவரிலும் தண்ணீர் கசிந்து வெளியேறத் துளை விட வேண்டும். இல்லையென்றால் பின்னால் ஊறிய மண்ணே சுவரைத் தள்ளிவிடும்.

மொத்தம் 6,78,000 ரூபாய். அண்ணன் மகள் கொடுத்ததையும் சேர்த்து இதுவரை 2,15,000 வந்திருக்கிறது. இன்னும் 4,63,000 வேண்டும்.

பொக்லைன் வைத்தால் ஒரே நாளில் வெட்டிவிடலாமே என்று வெளியூர்ப் பிள்ளைகள் போனில் கேட்கிறார்கள். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் அதை இறக்க முடியாது. அதைவிட, அந்தச் சரிவு அதன் பாரத்தைத் தாங்கும் என்று எங்களுக்கு நம்பிக்கை இல்லை. கையால்தான் வெட்டப் போகிறோம். மேஸ்திரிக்கும் இரண்டு கொத்தனாருக்கும் மட்டும் கூலி. ரோட்டில் இறங்கும் மணலும் ஜல்லியும் சிமெண்டும் நம் தலையில்தான் இறங்க வேண்டும்.

பொங்கல் முடிந்து தை கடைசியில் வேலை தொடங்குகிறோம். உறைபனிக் காலத்தில் சிமெண்ட் இறுக நாளாகும் என்பதால் மேஸ்திரி அதற்கு முன்னால் வேண்டாம் என்றார். சித்திரைக்குள் முடித்துவிட நினைக்கிறோம்.

ஒரு படி கொடுங்கள், 1,200 ரூபாய். முடியாதவர்கள் நாலு வீடு சேர்ந்து ஒரு படி கொடுக்கலாம். ஒரு மூட்டை சிமெண்டாகவும் தரலாம். பதியப் பெயர் கேட்காதீர்கள், அண்ணன் பெயரே அங்கே இருக்கப் போவதில்லை. பணத்தைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடம் மட்டும் கொடுத்து, எண் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் வசூலுக்கு யார் வந்தாலும், அது நம் வீட்டுப் பையனாகவே இருந்தாலும், கொடுக்க வேண்டாம். வங்கியில் பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. வரவு செலவு ஞாயிறுதோறும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மூலமாகக் கொடுக்கலாம், சுவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். பணம் மிஞ்சினால் மடக்குகிற அலுமினிய ஸ்ட்ரெச்சர் ஒன்று வாங்கி மேல் லைன் பால்வாடியில் வைக்கப்படும்.

தை கடைசி ஞாயிறு காலை 8 மணிக்குப் பிள்ளைத் திருப்பத்தில் கூடுகிறோம். மத்தியானச் சாப்பாடு அவரைக்காய் சாம்பாரோடு ஹட்டியிலிருந்து வருகிறது. மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். கூடையும் சும்மாடும் எங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
படிக்கட்டுக் கமிட்டி