குழம்பு இல்லையாம், குதிரையாம்

பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் ஆபீஸ் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது, எப்போது பார்த்தாலும் மேனேஜரிடம் 'கர்ரி ஃபேவர்' பண்ணுகிறான், அதாவது காரியம் ஆக முகஸ்துதி பண்ணிக் குழைகிறான் என்றாயே, நான் "குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறானா?" என்று கேட்க, நீயும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. உட்கார்ந்து தேடிவிட்டேன்.

தட்டில் இருக்கிற கர்ரி நம்ம கறிதான், போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆனால் 'கர்ரி ஃபேவர்' என்பதில் வரும் கர்ரி ஒரு வினைச்சொல், அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இது பழைய பிரெஞ்சுச் சொல், ஒழுங்குபண்ணு, தயார் செய் என்று அர்த்தம். பிறகு குதிரையைத் தேய்த்துச் சீவிவிடுவதற்கு ஆகிவந்தது. அந்தப் பல் வைத்த சீப்புக்கு இன்றைக்கும் கர்ரி கோம்ப் என்றுதான் பெயர். பதனிட்ட தோலை மெருகேற்றுவதற்கும் இதே வினைதான்.

சரி, ஃபேவர் எங்கிருந்து வந்தது? பிரான்சில் 1310, 1314 வாக்கில் எழுதிய ஒரு கேலிக் கவிதையில் ஃபோவெல் என்று ஒரு பழுப்புக் குதிரை, லாயத்தை விட்டு மாளிகைக்கே குடிவந்துவிடுகிறது. ராஜாக்கள், போப்பாண்டவர், துறவிகள் எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு வந்து அதைத் தேய்த்துவிடுகிறார்கள். அதன் பெயரில் எழுத்துக்கு ஒரு கெட்ட குணம்: முகஸ்துதி, பேராசை, கயமை, நிலையில்லாத புத்தி, பொறாமை, கோழைத்தனம். (எழுதியவனுக்கு ஆபீஸ் அனுபவம் நிறைய இருந்திருக்க வேண்டும்.) இங்கிலாந்துக்காரர்களும் முதலில் 'கர்ரி ஃபேவல்' என்றுதான் சொன்னார்கள். அப்புறம் குதிரை மறந்துபோக, 16ஆம் நூற்றாண்டில் காதுக்குப் பழகிய ஃபேவரைப் போட்டு ஒப்பேற்றிவிட்டார்கள்.

நாம் மட்டும் என்ன, 'காக்கா பிடிக்கிறான்' என்கிறோமே, கால் கை பிடிப்பதுதான் மருவிக் காக்கா ஆயிற்று என்பார்கள். அங்கே குதிரை தொலைந்துபோனது, இங்கே இல்லாத காக்கா வந்து உட்கார்ந்துகொண்டது! ஆக, நான் குழம்பு என்று நினைத்ததில் பெரிய தப்பில்லை, அம்மாவிடம் சொல்லு.

கறிவேப்பிலைப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், இந்த வாரம் பார்சல் அனுப்புகிறோம். மேனேஜருக்குக் கொடுத்துவிடாதே, அந்தப் பையன் உன்னைப் பற்றி வீட்டில் சொல்லுவான்.

அப்பா