உப்புக்கு இரையாகும் லோடு வேன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிச் செல்லும் சிறிய லோடு வேன் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். இன்ஜினுக்கு நான் செய்த செலவு சொற்பமே. காசெல்லாம் கரைந்தது தகரத்தில்தான். கடற்காற்று போதாதென்று, மீன் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் தளத்தின் மூட்டுகளில் தேங்கி, வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே அடியில் சேசிஸை அரித்துவிடுகிறது.

இரும்புத் தளத்தின்மேல் அலுமினியத் தகட்டை நேரடியாக அடிக்கச் சொன்னது என் தவறு. மூன்றாம் ஆண்டில் பெயர்த்துப் பார்த்தபோது, இரும்பைத் தொட்ட இடங்களில் அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்திருந்தது. இடுக்கில் நின்ற உப்புநீரால் தளமும் துருவேறியிருந்தது. இப்போது இடையில் ரப்பர் விரிப்பு இட்டு, வடிநீரைக் குழாய் வழியாகக் கேனில் பிடித்து, ஒவ்வொரு நடைக்குப் பின்னும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். கோடையில் அந்த நல்ல தண்ணீருக்கு நாங்கள் படும் பாடு தனிக்கதை.

குளிர் காக்கும் பெட்டி பொருத்தவும் விருப்பம்தான். ஆனால், தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கோ ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். எவ்வகைப் பெட்டிக்கு அனுமதி உண்டு என்பதைப் போக்குவரத்துத் துறை தமிழில் அச்சிட்டு மீன் இறங்குதளங்களில் ஒட்டிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மீன் வியாபாரி ஒருவர்,
பாம்பன்.